வாலின் கோடு

முப்பத்தொன்பது டைனோசர்கள் என் அலமாரியில்.
கையெழுத்தெல்லாம் வயிற்றில்.
ஒரு ஸ்டெகோசாரஸுக்கு மட்டும் தொடையில்:
போட்டவருக்கு விமானம் பிடிக்கிற அவசரம்.

லெத்பிரிட்ஜில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறேன்.
டிப்போவில் எனக்குப் பல்லி என்று பெயர்.
மாநாட்டு வாசல்களில் காத்து நிற்கையில்
பேனா உள்சட்டைக்குள் இருக்கும்,
குளிரில் மை இறுகிவிடுமென்று.

யாரும் மறுத்ததில்லை.
இங்க்ரித் தோர்வால்ட்சன் மட்டும்
என் டைரனோசாரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்,
பழைய காருக்கு விலை பேச வந்தவர் மாதிரி.

"வால் தரையில் இழுபடுகிறதே.
எத்தனையோ காலடித் தடம் பார்த்துவிட்டேன்,
நடுவே வாலின் கோட்டைத்தான் காணோம்."

ஆறு வயதில் கிடைத்தது, என்றேன்.

"ஆறு வயதில் நானும் இப்படித்தான் வரைந்தேன்."
வாலுக்கடியில் பொடியெழுத்தில் எழுதினார்:
தவறு. ஆனாலும்.
கீழே பெயர்.

மூன்று மணி நேரம், ரேடியோகூடப் போடாமல்,
கோபத்தோடு வீட்டுக்கு ஓட்டி வந்தேன்.

அவர் இறந்த மார்ச்சில்
வினிபெக்கிலிருந்து ஒருவர் எழுதினார்,
நானூறு டாலர் தருவதாக.
ஒரே நிபந்தனை:
பெயர் இருக்கட்டும்,
அந்தத் 'தவறு' மட்டும் போகவேண்டும்.
ஸ்பிரிட் தொட்ட பஞ்சு போதுமாம்.

பதில் போடவில்லை.
அன்றிரவு முழுக்கச் சாலையைச் சுரண்டினேன்.
திரும்பி வருவதற்குள் அதே வெள்ளை.

காலையில் அதைத் தூக்கினேன், தட்டைத் துடைக்க.
தூசி படியாத
இரண்டு பாதங்கள்,
பின்னால்
நீளமாய் ஒரு கோடு.

மற்றத் தட்டுகளைத் துடைத்தேன்.