இஞ்சின் வீடு

சோழவந்தானில் கேட்டால் யாரும் காட்டுவார்கள்.
முதல் அரவை இஞ்சினை ரயிலில் வரவழைத்து
பத்து ஜோடி மாடு பூட்டி இழுத்துவந்த குடும்பம்.
மில் இருந்த இடம் இப்போது கல்யாண மண்டபம்.
வீடு மட்டும் மிச்சம்,
பூட்டின் மேல் இன்னொரு பூட்டோடு.

வாசலில் ஜேசிபி வந்து நின்ற காலை
வெற்றிலைக் கமிஷன்கடை ரபீக்
ஸ்கூட்டரைக் குறுக்கே போட்டுவிட்டு
டீ குடிக்கப் போய்விட்டான்.
அப்படித்தான் தொடங்கியது.

நோட்டும் மைப்பெட்டியுமாக நான் தெருத்தெருவாக.
முந்நூற்றுப் பதினொரு பேர்,
அதில் நாற்பது கைநாட்டு.
ஒச்சம்மா மட்டும் கேட்டாள்,
"உள்ள பாத்திருக்கியா நீ?"
இல்லை.
"எங்கய்யா முப்பது வருசம் மூட்டை சுமந்தாரு.
கொல்லை வாசல் வரைக்கும்தான்."
அழுத்திப் பதித்தாள் பெருவிரலை.
மிச்ச மையைத் தலையில் துடைத்துக்கொண்டாள்.

பேரன் சென்னையிலிருந்து போனில் சொன்னார்,
"அவ்வளவு பாசம்னா வரி பாக்கியைக் கட்டுங்க."
கட்டினோம்.
திருவிழாவுக்கு நீர்மோர்ப் பந்தல் போட வைத்திருந்த பணம்.
தடையுத்தரவு கிடைத்தது,
ஆறே மாதத்துக்கு.

நேற்று தாசில்தார் முன்னால் பூட்டை அறுத்தார்கள்.
யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றினோம்.
ஒச்சம்மா கழற்றவில்லை.
கூடம், தேக்குத் தூண், வௌவால் எச்சம்,
எதையும் நிமிர்ந்து பார்க்காமல்
நேரே நடந்தாள் கொல்லைக் கதவுக்கு.

தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது.
ரபீக்கும் நானும் கை கொடுக்கப் போனோம்.

"இருங்க," என்றாள்,
"இந்தப் பக்கத்துலருந்து
நான் தெறக்கிறேன்."