பதினான்காவது கேள்வி

சேர்ந்த அன்றே கேட்டாயிற்று.
நீல நிறப் படிவம், பதினான்கு கேள்விகள்.
என்ன குடிப்பீர்கள், எவ்வளவு, எந்த வயதில் தொடங்கியது.
கடைசிக் கேள்விக்கு வரும்போது
அவன் கை நடுங்கிப் பேனா கீழே விழுந்தது.
அண்ணன்தான் எடுத்து
'இல்லை'யில் டிக் போட்டார்.

மாதேஷ், முப்பத்துநான்கு, செவ்வாய்ப்பேட்டை.
கொலுசுக்குப் பொடி வைத்து ஊதுகிற வேலை.
பதினொரு வயதில் பட்டறை, பன்னிரண்டில் சரக்கு.
இடையில் கிடக்கும் அந்த ஒரு வருடத்துக்குப்
படிவத்தில் கட்டம் இல்லை.

முதல் வாரம் வியர்வை, வாந்தி,
சுவரெல்லாம் பூரான் ஊர்வதாகக் கத்தல்.
அதற்கு மாத்திரை உண்டு.
பத்தாம் நாள் தெளிந்தான்.
தெளிந்த பிறகுதான்
விளக்கை அணைக்க விடவில்லை.

குழுவில் எல்லோரும் கடனைச் சொன்னார்கள்,
கோபித்துக்கொண்டு போன மனைவியைச் சொன்னார்கள்.
"எனக்குச் சொல்ல ஒண்ணுமில்லைங்க" என்றான்.

பத்தொன்பதாம் நாள் சிரித்தான்.
ஸ்வெட்டரை ஓமலூர்க்காரருக்குக் கொடுத்துவிட்டான்.
கேரத்தில் சிவப்பைப் போட்டும்
பாயிண்ட் கேட்கவில்லை.
"பையன் தேறிட்டான் சிஸ்டர்" என்றார் வார்டன்.
சேலத்திலிருந்து டாக்டர் மலையேறுவது வியாழன் மட்டும்.
அன்று சனி.

எனக்கு அந்த அமைதி தெரியும்.
இருபத்திரண்டு வயதில், ஒரு மார்ச் மாதம்,
நானும் எல்லோரிடமும் அப்படித்தான் நன்றாகப் பேசினேன்.
அதைப் பற்றி இங்கே இவ்வளவு போதும்.

இரவு ஒரு மணி.
சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக்கொடி சொட்டிக்கொண்டிருந்தது.
பனி விலகிய இடைவெளியில் கீழே சேலம்,
அணையாத விளக்குகள்.
"இதுல எது சிஸ்டர் செவ்வாய்ப்பேட்டை?"
தெரியவில்லை என்றேன்.
ரயில்வே ஸ்டேஷனையாவது கண்டுபிடிக்கப் பார்த்தோம்.
அதுவும் முடியவில்லை.

பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்:
சுற்றி வளைக்காதே, நேராகக் கேள்,
கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது.
இருந்தும் இருபது கொண்டை ஊசி வளைவையும்
ஏறித்தான் வந்தது நாக்கு.
"மாதேஷ், சாகணும்னு தோணுதா?"

அவன் திரும்பவில்லை.
பிளாஸ்க்கில் சுக்குக்காபி ஆறியது.
எஸ்டேட் பக்கம் காட்டெருமை ஒன்று
செடியை முறித்துக்கொண்டு போனது.
பிறகு, "தினமும்" என்றான்.
பிறகு, "குடிச்சா கொஞ்சம் கம்மியா இருக்கும்."

முதலாளியின் மைத்துனன். பட்டறைப் பரண். ராத்திரிப் படுக்கை.
இதைச் சொல்ல அவனுக்கு மூன்று மணி நேரம்,
எழுத எனக்கு ஒரு வரி.
"அந்தாளு செத்து ஆறு வருசமாச்சு.
பாடை தூக்குனதுல நானும் ஒருத்தன்."

எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை.
உன் தப்பில்லை என்றேன்.
நம்பியதாகத் தெரியவில்லை.
இடையில் டாக்டருக்குப் போன் போட்டேன்.
தூக்கம் கலையாத குரல்:
"கூடவே இருங்க, விடிஞ்சதும் கிளம்பறேன்."
இருந்தேன்.
வார்டனும் செருப்பில்லாமல் வந்து
வாசலோரம் ஸ்டூல் போட்டுக்கொண்டார்.

"பட்டறையில கூட்டுன குப்பையக்கூட வீசமாட்டாங்க சிஸ்டர்.
மூட்டை கட்டி வெப்பாங்க. கழுவினா வெள்ளி வரும்."
அவன் உவமை சொல்லவில்லை.
வேலையைச் சொன்னான்.
நானும் அப்படியே வாங்கிக்கொண்டேன்.
"ஒரு மூட்டைக்கு எவ்வளவு தேறும்?"
யோசித்துக் கணக்குச் சொன்னான், கிராம் சுத்தமாக.

விடியும்போது ஓமலூர்க்காரர் எழுந்து வந்து
ஸ்வெட்டரை அவன் மடியில் போட்டார்.
"கை பத்தலப்பா எனக்கு."

படிவத்தில் அண்ணன் போட்ட டிக்கை நான் அடிக்கவில்லை.
பக்கத்தில் தேதி போட்டு
'மீண்டும் கேட்கப்பட்டது' என்று எழுதினேன்.
இன்று இரவும் கேட்பேன்.
நாளையும்.
எரிச்சல்படுவான்.
படட்டும்.