ஏலப் பொருள் 214

மாடு விற்கிற குரலில்தான்
எங்கள் கல்லூரியையும் விற்றார் டெல்பர்ட் ஸ்வோபோடா.
அவரிடம் வேறு குரல் இல்லை.
நாற்பது நாற்பது, நாற்பத்தஞ்சு யாரு, அம்பது யாரு என்று
எண்கள் நாக்கில் வழுக்கி ஓட
உடற்பயிற்சிக்கூடத்து மரத்தரையில்
ஊரே உட்கார்ந்திருந்தது, கோட்டைக் கழற்றாமல்.
வெப்பமூட்டியை டிசம்பரோடு நிறுத்திவிட்டார்கள்.
நெப்ராஸ்காவின் மார்ச் மாதம்
ஜன்னல் இடுக்கில் விசிலடித்தது.

நூற்றுப் பதினெட்டு வருஷம்.
கடைசியாகச் சேர்ந்தவர்கள் எண்பத்தேழு பேர்,
அதில் முப்பது பேர் பேஸ்பாலுக்காக வந்தவர்கள்.
நான் பதிவாளர் அலுவலக எழுத்தர்,
சம்பளப் பட்டியலில் மிச்சமிருந்த ஒரே பெயர்.
மதிப்பெண் பட்டியல் கேட்டு யாராவது அழைத்தால்
ஜூன்வரை போனை எடுக்க ஓர் ஆள் வேண்டுமாம்.
அந்தப் போனை மடிமேல் வைத்துக்கொண்டு
அன்றைக்கு ரசீது எழுதினேன்.

நுண்ணோக்கிகள் முதலில் போயின.
பியானோவை யாரும் கேட்கவில்லை.
சும்மா எடுத்துக்கோங்க என்றார் டெல்பர்ட்.
அப்போதும் கேட்கவில்லை.
போட்டியெல்லாம் உயிரியல் துறையின் எலும்புக்கூட்டுக்குத்தான்.
பல் டாக்டர் ஏற்ற, பூசணித்தோட்டக்காரர் ஏற்ற,
இருநூற்றுப் பத்தில் டாக்டர் தலையாட்டிவிட்டார்.
அக்டோபரில் டிராக்டர்மேல் உட்கார வைப்பார்களாம்.
பிள்ளைகள் அதற்கு மில்ட்ரெட் என்று பெயர் வைத்திருந்தார்கள்.
பொருளின் பெயர் என்ற இடத்தில்
மில்ட்ரெட் என்றே எழுதினேன்.

பிறகு 214. ஒரு கதவு.
தத்துவத் துறை என்று பித்தளைத் தகடு.
அதன் கீழே சாவியால் யாரோ கீறியது:
'உள்ளே இருக்கிறாரா? இருப்பது என்றால் என்ன?'

ஐந்து டாலர் என்று கை தூக்கியவர் ரே குப்கா,
பனி வாரும் வண்டி ஓட்டுகிறவர்.
கல்லூரிக்கு எதிர்வாடையில் வீடு.
முப்பத்தொரு குளிர்காலம், விடியாத நாலு மணிக்கு
எங்கள் நடைபாதையைத் துலக்கி வைத்தவர்
ஒருநாளும் உள்ளே வந்ததில்லை.
வராதே என்று யாரும் சொன்னதில்லை.
வாங்க என்றும் சொன்னதில்லை.

எதுக்கு ரே?
கோழிக்கூண்டுக்கு. பழசு உளுத்துப்போச்சு.

சிரித்தோம்.
மூன்றாம் வரிசையில் மரியான் ஓல்கியும் சிரித்தார்,
ஒரு நொடி தாமதித்து.
அந்தக் கதவுக்குப் பின்னால் பத்தொன்பது வருஷம் இருந்தவர்;
இப்போது பக்கத்து ஊரில் பயிர்க் காப்பீடு விற்கிறார்.
எழுந்து போய் ரேயிடம் சொன்னார்:
இடப்பக்கம் இழுக்கும்.
கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுத் திறக்கணும்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.
அலாஸ்காவிலிருந்து ஒருவர், எண்பத்துநாலில் முடித்தவர்.
தத்துவத்தில் ஒரு எஃப் இருக்கிறது,
கல்லூரியே போனபிறகு
அதை மட்டும் எடுத்துவிட முடியுமா என்றார்.
முடியாது சார், அது நிற்கும் என்றேன்.
கொஞ்சம் பேசாமல் இருந்தவர்
சரி, நிற்கட்டும் என்றார்.
குரலில் ஏதோ சந்தோஷம்போல.
என் முன்னால் அந்தக் கதவு
நாலு கைகளில் படுத்தபடி
வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

ஏப்ரல் கடைசியில் முட்டை வாங்கப் போனேன்.
தகட்டைக் கழற்றியிருக்கவில்லை ரே.
தூக்கிப் பிடித்துத்தான் திறந்தார்.
உள்ளே பதினோரு கோழிகள்,
வைக்கோலும் எச்சமும் கலந்த வெதுவெதுப்பு.
பூட்டு நல்லாத்தான் இருக்கு, சாவிதான் இல்ல,
ராத்திரி நரி வருது என்றார்.

காரில் இருந்தது கல்லூரியின் சாவிக்கொத்து,
நூற்று நாற்பது சாவி, பாதிக்கு மேல் சீட்டு இல்லாதது.
யாரிடம் ஒப்படைப்பதென்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.
இருவரும் மண்டியிட்டு ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தோம்.
வேதியியல் கிடங்கு. தேவாலய மாடி.
எதற்கென்றே தெரியாத ஒரு குட்டிச் சாவி.
சிவப்புக் கோழி ஒன்று
ஒவ்வொரு தடவையும் கழுத்தைச் சாய்த்துக் கேட்டது.

அறுபதைத் தாண்டும்போது இருட்டிவிட்டது.
மிச்சத்தை நாளைக்குப் பார்ப்போம் என்று
கதவுக்கு ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்தார்.
ஒரு டஜன் கேட்டேன், பதிமூன்று இருந்தது.