வராத ஒலி

ஔலுவில் பிப்ரவரி. கடல் உறைந்து
அதன்மேல் வண்டிகள் ஓடுகிற மாதம்.
பனிப்பாதையில் கவிழ்ந்த லாரியிலிருந்து எடுத்துவந்த
தௌனோ ஹௌதலா
பத்தொன்பது நாளாக விழிக்கவில்லை.

முப்பத்திரண்டு கம்பி முளைத்த தொப்பியை மாட்டுகிறேன்.
பசை குளிரும். மன்னிக்கவும் என்கிறேன்,
எல்லோரிடமும் சொல்வதுபோல.

காதில் ஒரே சுரம்:
டிங். டிங். டிங். டிங்.
எண்ணத் தோன்றாத அளவுக்கு ஒரே மாதிரி.
நூறு தாண்டினால் எனக்கே அது கேட்பதில்லை.
பிறகு எங்கோ நடுவில்
டங்.

திரையில் கோடு சற்றே குழிகிறது,
இமைப்பொழுதில் பாதி.
படியில்லாத இடத்தில்
யாரோ கால் வைத்துவிட்டதுபோல்.

நான் காத்திருப்பது அதற்கல்ல.
கடைசிச் சுற்றில் சுரத்தை மாற்றுவதில்லை,
விட்டுவிடுகிறேன்.
டிங். டிங். டிங்.

டிங்.
அந்த இடைவெளியிலும் ஒரு குழி.
ஒன்றுமே நடக்காததற்கு
சொல்லிவைத்த நொடியில் ஒரு பதில்.
வீட்டில் குளிர்பெட்டி இரவெல்லாம் முனகும்,
தூங்குவேன்.
அது நின்றால்தான் விழிப்பு வரும்.

"அப்படியென்றால் அவருக்குக் கேட்கிறதா?"
இர்மெலி. மனைவி. கோட்டைக் கழற்றவேயில்லை.
"தெரியாது. உள்ளே ஏதோ ஒன்று
அடுத்ததை எதிர்பார்த்தது.
அவ்வளவுதான் தாளில் எழுத முடியும்."
"நல்லதுதானே?"
இருக்கலாம். எதிர்பார்த்தவர்கள் எல்லோரும்
எழுந்துவிடவில்லை.
இதை நான் சொல்லவில்லை.

அவள் ஜன்னலைப் பார்த்துப் பேசினாள்:
"வண்டி எடுக்குமுன் அதன் கதவில்
மூன்று தட்டுத் தட்டுவார். இருபத்தாறு வருஷம்.
மூன்றாவதில் நான் வாசல் விளக்கை அணைப்பேன்.
ஏன் என்று இருவருமே கேட்டுக்கொண்டதில்லை."

இயந்திரத்தை அணைத்தாயிற்று.
தொப்பி தொட்டியில் ஊறுகிறது.
அவர் நெற்றிப் பசையை
ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன்.
கட்டில் கம்பியில் அவள் விரல்முட்டி:

டொக்.
டொக்.

நிறுத்திக்கொண்டாள்.
வேண்டுமென்றே. அவர் முகத்தையே பார்த்தபடி.

அங்கே குழி விழுந்ததா,
சொல்ல என்னிடம் கோடு இல்லை.
என் கைதான்
துணியோடு பாதியில் நின்றது.