ஐந்து மதிப்பெண் வினா

"அதிகாரப் பிரிவினை: சிறுகுறிப்பு வரைக."
துறைத்தேர்வில் கேட்டிருந்தார்கள்.
கடலுக்கப்பால், அரசனே வானமாக இருந்த காலத்தில்
மெழுகுவர்த்தி உருக உருக விழித்திருந்த சிலர்
அதிகாரத்தை மூன்று கூறாகப் போட்டார்கள்
என்று எழுதினேன்.
மூன்று மதிப்பெண் வந்தது.
இரண்டை எதற்குக் குறைத்தார்களோ.

கோத்தகிரி முன்சீப் கோர்ட்டில் நான் அமீனா.
பழைய அலமாரியைத் தூசி தட்டிய சனிக்கிழமை
செல்லரித்த பேரேடொன்றில் ஒரு வழக்கு கிடைத்தது.
பெள்ளி மகன் ஹாலன். எருமை மூன்று.
சோலைக்குள் மேய்ந்த குற்றம்.
மேயக் கூடாதென்று ஆணை போட்டது துரை.
ஓட்டிக்கொண்டு வந்தது துரையின் சேவகன்.
விசாரித்தது துரை.
அபராதத்தை வரவு வைத்ததும் துரை.
எல்லா இடத்திலும் ஒரே கையெழுத்து,
மைகூட மாறவில்லை.
மேல்முறையீடு என்ற கட்டத்தில் மட்டும்
ஒரு கோடு.

துரையைப் பற்றித் துரையிடமா போவான் ஹாலன்?

போன செவ்வாய் இருதயமேரியின் வீட்டை இடிக்க
தாசில்தார் ஆணை. சட்டம், பிரிவு, உட்பிரிவு
எல்லாம் சரியாகத்தான் இருந்தன.
முன்சீப் அம்மா பத்து நாற்பதுக்கு
இடைக்காலத் தடை எழுதிக் கொடுத்தார்.
பிளாஸ்டிக்குக்குத் தடையுள்ள மாவட்டம்;
தாளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.
அரவேனு திருப்பத்தில் மண் சரிந்து
பஸ் நின்றுவிட்டது.
நடந்தேன்.

மூடுபனியில் முதலில் தெரிந்தது மஞ்சள்.
ஜேசிபி கையைத் தூக்கியபடி.
சமையற்கட்டு அதற்குள் தரையாகியிருந்தது.
பாதி வெந்த சோற்றின் மேல் செங்கல் தூள்.

தாசில்தார் தாளை ஒருமுறை படித்தார்,
பிறகு முத்திரையை மட்டும்,
பிறகு என்னை, முழங்கால் சேற்றோடு.
அவருக்குப் பின்னால் போலீஸ் ஆறு பேர்.
என் பின்னால் மழை.
"இங்க சார்… பெற்றுக்கொண்டதற்கு"
என்று பேனாவை நீட்டினேன்.

எவ்வளவு நேரமோ தெரியாது.
அவரைத் தடுக்க அங்கே எதுவுமில்லை
நனைந்த ஒரு தாளைத் தவிர.
தாளுக்குக் கையில்லை, கோலில்லை.

டிரைவரைப் பார்த்து விரலசைத்தார்.
எஞ்சின் அடங்கியது.
மழைக்குச் சத்தம் உண்டென்பது
அப்போதுதான் நினைவு வந்தது.
கையெழுத்துப் போட்டார்: பன்னிரண்டு பத்து.
முன்சீப் அம்மாவின் நீலத்துக்கு அடியில்
பச்சை மை.

இருதயமேரி கும்பிடவில்லை.
"அரை மணி முந்தி வந்தா என்ன கொள்ளை?"
என்றாள். கேட்க வேண்டியதுதான்.
மிச்சமிருந்த சுவரோரம் குந்தி
சோற்றிலிருந்து செங்கலைப் பொறுக்கத் தொடங்கினாள்.

எங்கள் கோர்ட் ஒரு மேட்டில்,
தாலுகா ஆபீஸ் அடுத்த மேட்டில்.
நடுவிலிருக்கும் பள்ளத்தை ஏன்தான்
யாரும் தூர்க்கவில்லையென்று
பதினோரு வருடமாக மூச்சிரைக்கச் சபித்திருக்கிறேன்.
அன்று ஏறும்போது சபிக்கவில்லை.
மூச்சு மட்டும் இரைத்தது.

'சார்வு ஆயிற்று' என்று அறிக்கை எழுதினேன்.
சமையற்கட்டுக்கு அதில் கட்டமில்லை.
ஓரத்தில் எழுதினேன்.