பூஜ்ஜியத்தின் மேல் என் கட்டைவிரல்

மொன்டானாவில் காற்று ஓயும் நாட்கள் குறைவு.
அப்படியொரு நாளில்தான்
வெர்லா ஸ்கார் கடைக்குள் வந்தாள்,
முழங்காலை முன்னே அனுப்பிவிட்டு
தான் பின்னால் வருபவள்போல.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள், பதினெட்டு வருடமாக.
பிரேக் மிதித்தே தேய்ந்த வலது கால்.

சிபிடி எண்ணெய் மேல்தட்டில் இருந்தது,
தேனுக்கும் கொசு மருந்துக்கும் நடுவே.
"தலைக்கு ஏறுமா?"
ஏறாது என்றேன். அது சரிதான்.
"சோதனை வைத்தால் தெரியுமா?"
புட்டியைத் திருப்பி
டிஹெச்சி பூஜ்ஜியம் என்று அச்சிட்ட இடத்தில்
கட்டைவிரலை வைத்துக் காட்டினேன்.
யார் அளந்தார்கள் என்று நான் கேட்டதில்லை.
அச்சடித்தவனும் கேட்டிருக்கமாட்டான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க
ஊரில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

சர்க்கரை ஆலையில் ஓய்வுபெற்ற ஆஸ்மண்ட்
"இலைதானே, என்ன செய்துவிடும்?" என்றார்.
புகையிலையும் இலைதான், ஆஸ்மண்ட்.
அரளியும் இலைதான்.
ரத்தம் உறையாதிருக்க அவர் விழுங்கும் மாத்திரையை
கல்லீரல் கரைத்து அனுப்பவிடாமல்
குறுக்கே நின்றது இந்த எண்ணெய்.
முழங்கையில் தொடங்கிய நாவற்பழ நிறம்
மணிக்கட்டுவரை இறங்கியது.
டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்றால்
"மருந்தென்றால் சொல்லியிருப்பேனே" என்கிறார்.

கூடைப்பந்துப் பையன்கள் மூவர்
யாரோ ஒருவன் அண்ணனைப் பிடித்து வாங்கிய மிட்டாயைத் தின்றுவிட்டு
காலி மைதானத்துப் படிக்கட்டில்
உலகம் உருகக் காத்திருந்தார்கள்.
மைனஸ் பதினொன்று. எதுவும் உருகவில்லை.
ஒருவன் மட்டும் சிரித்தான், கடனுக்கு.

லூத்தரன் சபையின் கீழ்த்தளத்தில்
காபி ஊற்றியபடி மெர்னா சொன்னாளாம்:
"கஞ்சாவைக் குடித்துவிட்டுப் பிள்ளைகளை ஏற்றிப்போகிறாள்."
அதே மெர்னா
அக்காளின் புற்றுக்கு இரண்டு புட்டி வாங்கினாள்,
முக்காடு போட்டுக்கொண்டு.
இதற்கெல்லாம் இது ஆகாது என்று
வாய்வரை வந்தது.
சில்லறை எண்ணிக் கொடுத்தேன்.

மார்ச்சில், குலுக்கலில் வெர்லாவின் பெயர் விழுந்தது.
மூடிபோட்ட சின்னக் கோப்பை.
ஆறு நாள் கழித்து ஒரு கடிதம்.
அத்தனை மாதத்தில் ஒரு நிமிடம்கூட
அவளுக்கு மயங்கியதில்லை.
ஆனால் எண் இருந்தது.
படிவத்தில் காரணம் எழுதும் கட்டத்தில்
புட்டி பொய் சொன்னது என்றெழுத
இடமில்லை.

கத்துவாள் என்று நினைத்தேன்.
பேருந்துச் சாவியில்லாத கையைப்
பைக்குள் வைத்துக்கொண்டு நின்றாள்.
"வலி குறைந்ததா?" என்றேன், வேறொன்றும் தோன்றாமல்.
யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.
"தெரியவில்லை. அப்போது பனியும் குறைந்திருந்தது."

இப்போது யாராவது கேட்டால்
என் பதில் நீளமாக இருக்கிறது.
என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், என்ன வேலை,
எந்த ஆய்வகத்தின் தாள் இருக்கிறது.
பாதியிலேயே போய்விடுகிறார்கள்,
பெட்ரோல் பங்க்கில் கேள்வி கேட்காமல் கொடுப்பதால்.

காலை ஏழு பத்துக்கு மஞ்சள் பேருந்து
கடையைத் தாண்டித் தண்டவாளத்துக்குப் போகும்.
ஓட்டுபவன் புதியவன்.
வெர்லா அந்த இடத்தில்
விளக்கு அணைந்தே இருந்தாலும்
வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து,
பிள்ளைகளை அமைதியாக்கி
இரண்டு பக்கமும் காதால் கேட்பாள்,
பதினெட்டு வருடமும், ஒருநாள் தவறாமல்.

என் விரலை மட்டும்
அப்படியே நம்பிவிட்டாள்.