சுடச்சுட

நயோரோவில் இன்று இருபத்துமூன்று.
மைனஸ் என்று இங்கே யாரும் சொல்வதில்லை,
பிப்ரவரியில் அது வாய்க்கு வீண் வேலை.

ஊர் எழ இன்னும் மூன்று மணி நேரம்.
லாரி வந்து கட்டுகளைத் தள்ளிவிட்டுப் போயிற்று.
நூற்று நாற்பத்துமூன்று வீடுகள்,
ஐம்பது சிசி வண்டி,
பின்சக்கரத்தில் சங்கிலி.

சுடச்சுடச் செய்தி என்று
எவன் சொல்லி வைத்தானோ,
அவன் இந்தக் கட்டைத் தூக்கிப் பார்த்ததில்லை.
இன்றைய தாள் கல்லாய்க் கிடக்கிறது.
உதவுவதெல்லாம் நேற்றையது.

பொருளாதாரப் பக்கம் மார்புக்கு.
நெருக்கி அடித்த எண்கள்,
காற்று நுழைய யோசிக்கும்.
விளையாட்டுப் பக்கம் வழவழப்பு,
இரண்டாவது தெருவிலேயே இடுப்புக்கு இறங்கிவிடும்.
வரி விளம்பரங்களைக் கசக்கி,
நீவி, மறுபடி கசக்கி
முழங்காலுக்குக் கட்டுகிறேன்.
மரண அறிவிப்புகளை மட்டும் கட்டுவதில்லை.
ஒருமுறை கட்டினேன்.
பள்ளிக்கூடத் திருப்பத்தில் விழுந்தேன்.

காலுறைக்குள் ஒரு காய்ந்த மிளகாய்.
கிள்ளிப் போடக்கூடாது, முழுசாக.
அதன் மேல் ரொட்டி வந்த பை,
அதன் மேல் இன்னொரு காலுறை.
ஓனோதெராவுக்கு இதிலெல்லாம் சிரிப்பு.
பேட்டரி வைத்த கையுறை வாங்கினான்.
பாலத்தின் நடுவில்
இடது கை மட்டும் அணைந்துபோனது.
இப்போது வாரம் இரண்டு மிளகாய்
என் கணக்கில் கடன் வாங்குகிறான்.

நிற்கும்போது இந்தக் குளிர் அவ்வளவு மோசமில்லை.
ஒரு கிளையும் அசையவில்லை, பாருங்கள்.
முப்பது கிலோமீட்டர் வேகக் காற்றை
நானே தயாரித்து
நானே என் முகத்தில் அறைந்துகொள்கிறேன்,
மாதச் சம்பளத்துக்கு.

மூச்சைத் தாடைக்குள் இறக்கி விட வேண்டும்.
மறந்தால் ஹெல்மெட் கண்ணாடி பூத்துவிடும்,
பூத்தது உறையும்,
தெருவிளக்குகள் ஒவ்வொன்றும்
முள் முளைத்துப் பெருக்கும்.
பெட்டிக்குப் பெட்டி இறங்கி
எஞ்சினிடம் கையை நீட்டுகிறேன்.
ஒட்டினால் கையுறை உருகும்,
விலகினால் விரல் என்னுடையதில்லை.
நடுவில் இரண்டு அங்குலம் இருக்கிறது,
அந்த இரண்டு அங்குலத்தில்தான்
ஏழு குளிர்காலம் பிழைத்திருக்கிறேன்.

எண்பத்தெட்டாவது வீடு குராமோச்சியினுடையது.
மாதக் கடைசி வரை பணம் கட்டியிருக்கிறது.
வாசல் பனியை யாரும் தள்ளவில்லை,
பெட்டியில் இனி ஒரு தாள் நுழையாது.
அலுவலகத்தில் கேட்டால்
கட்டிய பணத்துக்குப் போட்டே ஆக வேண்டுமாம்.

நேற்றைய கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தை
நான் பார்க்கவில்லை.
பார்க்கப் போவதுமில்லை.

வண்டியை அணைக்காமல் நிற்கிறேன்.
ஜிப்பை இறக்கி
அவருக்கு வந்த இன்றைய தாளை
மடிப்புக் கலையாமல்
உள்ளாடைக்கும் ஸ்வெட்டருக்கும் இடையில் செருகுகிறேன்.
முதலில் பனிக்கத்தி.
அப்புறம் வெறும் காகிதம்.
மரவாடி தாண்டுகையில்
யாரோ உள்ளங்கையை வைத்ததுபோல.

இந்த ஊரில் இன்றைய செய்தி
முதலில் சுட்டது என்னைத்தான்.
என்ன செய்தி என்று எனக்குத் தெரியாது.

ஆறரைக்கு வீடு.
தெத்சுஹெய் சர்க்கரை ஆலைக்குக் கிளம்பியிருப்பான்.
வாரத்தில் ஒரு நாள்தான் அவனுக்கு ஓய்வு;
அன்றைக்கு என் முதுகுப்பக்கம் நின்று
வெள்ளை உள்ளாடையில் ஏறிய மையைக்
கண்ணாடியில் காட்டி வாசிப்பான்:
“யென் மறுபடி சரிந்துவிட்டது,
இடுப்பெலும்புக்குச் சற்று மேலே.”

இன்று ஓய்வு நாள் இல்லை.
ஒவ்வொன்றாக உரித்துப் போடுகிறேன்,
தரையெல்லாம் பழைய பக்கங்கள்.
குராமோச்சியின் தாளை மட்டும்
நீவி மேசையில் வைக்கிறேன், படிக்காமல்.

விரிப்பில் வலப்பக்கம்
அவன் படுத்திருந்த பள்ளம்.
இன்னும் ஆறவில்லை.
காலுறையைக் கழற்ற மறந்து,
மிளகாயோடு,
உள்ளே காலை நீட்டுகிறேன்.